மது இல்லை என்று எழுதிய போத்தல்

1

இந்த நவம்பரோடு நான் மலேசியாவுக்கு வந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் ஆறு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, திருமணமாகி இங்கே வந்தேன். வந்த நாளை வீட்டில் யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை. இந்த முறை அது வியாழக்கிழமையில் வந்தது. எங்கள் சபைப் பெண்கள் தையலுக்குக் கூடும் நாள்.

நாங்கள் இருப்பது நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பெடாஸ் என்ற சிற்றூருக்கு உள்ளே பாமாயிலுக்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தின் விளிம்பில். முன்பு ரப்பர் மரங்கள் நின்ற இடம். பழைய தொழிலாளர் லயங்களில் இப்போது வங்காளதேசத்துக்காரர்கள் இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களில் பாதி சிரம்பான் நகருக்குப் போய்விட்டன. மீதி, தோட்டத்தை ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் இருக்கின்றன. ஆலயம் மட்டும் தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. தகரக் கூரை. முப்பது பேர் வந்தால் நல்ல ஞாயிறு.

அன்று கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மேய்ப்பர் அங்கிகள் தைத்துக்கொண்டிருந்தோம். யாரோ வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போன திரைச்சீலைத் துணி. நான் இரண்டாவது அங்கிக்குக் கை வைத்துக்கொண்டிருந்தபோது ரூபி அக்கா தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஐயோ எஸ்தரு, இதப் பாரேன். உன் மக ஜெனி போட்ருக்கா. உன் கேக்கு ரகசியம் வெளிய வந்துருச்சு லா!"

வீடியோவில் என் சமையலறை. மேசைமேல் நான்கு போத்தல்கள். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் ஒட்டிய தாள்: 'பழம், ஆரஞ்சுச் சாறு, தேயிலை. மது இல்லை.' அந்தத் தாளுக்கு மேலே, போத்தலின் வாய்க்குள் ஒரு கை ரம் ஊற்றியது. போன சனிக்கிழமை வந்திருந்த ஜெனியின் கை, அதே நகப்பூச்சு. 'மம்மியின் கிறிஸ்துமஸ் கேக். இரண்டு வருஷமாக இதுதான் ரகசியம். மம்மிக்கே தெரியாது' என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பின்னால் ஓர் ஆண் சிரிக்கும் சத்தம். அது என் கணவர் சாமுவேலின் சிரிப்பு.

"அதான் போன வருஷம் எங்க வீட்டுக்காரு மூணு துண்டு தின்னுட்டு உக்காந்து பாட்டுப் பாடுனாரு" என்றார் ரூபி அக்கா. பெண்கள் சிரித்தார்கள். "ஏன் எஸ்தரு, உனக்கு நெசமாவே தெரியாதா?"

நான் கையில் இருந்த தையலை முடித்தேன். விரித்துப் பார்த்தால், அங்கியின் கையை முதுகில் வைத்துத் தைத்திருந்தேன்.

2

ஒரு கேக்கில் ரம் இருந்தால் என்ன என்று திருநெல்வேலியில் இருந்து வாசிப்பவர் கேட்கலாம். நம் ஊரில் பல கிறிஸ்தவ வீடுகளில் அது இல்லாமல் கிறிஸ்துமஸ் கேக் கிடையாது. அதனால் ரோஸ்னி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வரிசையின் கடைசி வீடு அவருடையது. மலாய்க்காரர். அவருடைய தந்தை இதே தோட்டத்தில் லோரி ஓட்டியவர். லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவார். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகளைவிட நன்றாகவே பேசுவார். நான் வந்த புதிதில் பேருந்தில், சந்தையில், மருத்துவமனையில் கூடவே வந்து எனக்கு மலாய் சொல்லிக் கொடுத்தவர். என் தமிழைக் கேட்டு, "நீ என்ன ரேடியோ மாதிரி பேசுறே?" என்று சிரித்தவரும் அவர்தான்.

முதல் கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொண்டு போனபோது அவர் தட்டை வாங்கவில்லை.

"கோவிச்சுக்காதே எஸ்தர். உங்க வீட்டுல பன்னி சமைப்பீங்க. கேக்குல தண்ணி ஊத்துவீங்க. எங்களுக்கு ஆகாது. சொல்லிட்டா மனசுல ஒண்ணும் இருக்காது பாரு."

எனக்கு அந்த நேர்மை பிடித்தது. அடுத்த ஆண்டு ஓர் ஓவனும் ஒரு சட்டித் தொகுதியும் கேக்குக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். பன்றிக் கறி கொல்லையில், வேறு அடுப்பில், வேறு பாத்திரத்தில். பழங்களை ஆரஞ்சுச் சாற்றிலும் கடுந்தேநீரிலும் சர்க்கரையோடு கொதிக்கவைத்து, ஆறியதும் போத்தலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். ரோஸ்னி அக்காவைச் சமையலறைக்குக் கூட்டிவந்து எல்லாவற்றையும் காட்டினேன். அவர் சட்டிகளை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு சரி என்றார்.

அதிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல். ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் அவர் வாசலில் அதே கேள்வி: "இதுல ஒண்ணும் இல்லையே?" அதே பதில்: "ஒண்ணும் இல்லக்கா." நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டுப் பெண்களுக்கு பாஜு கூரோங் என்ற மலாய் உடை தைத்துக் கொடுப்பது என் வேலை.

இங்கே வெளிநாட்டு மனைவிக்குக் காகிதம் கிடைப்பது லேசில்லை. சிரம்பானில் குடிநுழைவு அலுவலகத்தில் ஆண்டுதோறும் கணவரோடு போய் முத்திரை வாங்கினேன். ஒருமுறை திருமணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் என் தந்தையின் பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் மறு தாளில் வேறு மாதிரியும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். எத்தனையோ பெயர்களை அச்சுக்கு முன் திருத்தியவள், என் சொந்தத் தாளில் அதைக் கவனிக்கவில்லை. நிரந்தரவாசத்துக்கான சிவப்பு அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது, என்னை அறிந்த ஒருவரின் கடிதமும் சேர்க்கச் சொன்னார்கள். ரோஸ்னி அக்கா மலாயில் எழுதிக் கொடுத்தார். 'இவர் என் அண்டை வீட்டார். சொன்ன சொல் மாறாதவர்' என்று அதில் இருந்தது.

அவருடைய வீட்டுக்குத்தான் இரண்டு ஆண்டுகளாக நான் ரம் கேக் கொண்டு போயிருக்கிறேன். ஒன்றும் இல்லை என்று வாயால் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

3

எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், எனக்கு வாசனை தெரியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலோடு போனது, திரும்பவில்லை. கிராம்பும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் அது தெரியும். வெளியே சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சபையில் பலர் என்னிடம்தான் காசு கொடுத்துக் கேக் வாங்குவார்கள். மூக்கு வேலை செய்யாதவளிடம் யார் கேக் சொல்வார்கள் என்று நினைத்தேன். அதனால் ஊரார் முன்னால் எனக்கு வாசனை தெரிவதுபோலவே நடந்துகொண்டேன். யார் வீட்டிலாவது குழம்பு கொதித்தால், "வாசனை தெருமுனை வரைக்கும் வருதே" என்பேன்.

குடும்ப ஜெபத்தில் சாமுவேல் என் மூக்குக்காகத் தவறாமல் ஜெபித்தார். ஆண்டவரே, எஸ்தருக்கு இழந்ததைத் திரும்பத் தாரும் என்று. நான் ஆமென் சொன்னேன்.

பத்திரிகையில் இருந்தவளுக்கு உண்மைகளைச் சேர்த்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மூன்று உண்மைகள் என் முன்னால் இருந்தன. மூன்றையும் தவறாக வாசித்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ரோஸ்னி அக்கா வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. டின்னை வாங்கினார், நன்றி சொன்னார், கதவைச் சாத்தினார். இத்தனை ஆண்டுக்குப் பிறகு கேட்கத் தேவையில்லாத நம்பிக்கை வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். சாமுவேலிடம் சொல்லவும் செய்தேன். "பரவாயில்லையே" என்றார்.

இந்த நோன்புப் பெருநாளுக்கு அவர் எனக்குத் துணி அனுப்பவில்லை. பக்கத்து ஊரான ரெம்பாவில் தைத்ததாகவே வாங்கிவிட்டோம் என்றார். எனக்கு வயதாகிறது, கண்ணுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று விட்டிருப்பார் என்று நினைத்தேன்.

மூன்றாவதுதான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாற்றில் ஊறிய பழம் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது; மேலே வெள்ளையாகப் பூக்கும். கடந்த இரண்டு ஆண்டுகளாக மிஞ்சிய போத்தல் ஈஸ்டர் வரை கெடவே இல்லை. ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். மணத்தை எடுத்துக்கொண்ட கர்த்தர் என் கையின் வேலையை ஆசீர்வதித்திருக்கிறார் என்று சொல்ல முடியாததால், 'ஒன்றை எடுத்தவர்' என்று மட்டும் பூடகமாகச் சொன்னேன். சபை அல்லேலூயா சொன்னது. சாமுவேலுக்கு இருமல் வந்தது. எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வந்தார்.

4

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தபோது சாமுவேல் முன்வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். வீடியோவைப் பார்த்தேன் என்றேன். குழாயை மூடினார்.

"அவ ஏன் அதைப் போய் போட்டா? போடாதேன்னுதான் சொன்னேன்."

"போட்டதுதான் தப்பா?"

"இங்க பாரு எஸ்தரு. காய்ச்சல் வந்த வருஷம் நீ சுட்ட கேக்க நீ ருசி பாக்கல. நாங்க பாத்தோம். கிராம்ப அள்ளிக் கொட்டியிருந்தே. வாய் மரத்துப் போச்சு. கோயில்ல வாங்குனவங்க பாதிப் பேரு மறு வருஷம் சொல்லல. நீ ஒரு மாசம் பேசாம உக்காந்திருந்தே. அதான் ஜெனி ஒரு வழி கண்டுபிடிச்சா. உனக்காகத்தானே?"

"ரோஸ்னி அக்கா?"

அவர் துணியைப் பிழிந்தார். "உனக்குத் தெரியாதுல்ல? தெரியாம குடுத்தா உனக்குப் பாவம் இல்ல. அவங்களுக்கும் தெரியாது, அவங்களுக்கும் பாவம் இல்ல."

"உங்களுக்குத் தெரியும்."

"நம்ம கோயில்ல திருவிருந்துக்குக் குடிக்கிறதும் அதுதானே? என்னமோ விஷத்தக் கலந்த மாதிரி பேசுறே."

அந்த ஆண்டு கேக் கெட்டுப்போனதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று என் முன்னால் தின்றவர்கள் இவர்கள்.

ஜெனியைக் கூப்பிட்டேன். அவள் வேலையில் இருந்தாள்.

"மம்மி, அது வைரல் ஆச்சு தெரியுமா? எல்லாரும் ஸோ ஸ்வீட்னு போட்டிருக்காங்க."

"எடுத்துடு."

"ஓகே ஓகே, எடுக்கிறேன். பிக் டீல் ஆக்காதீங்க லா."

"ரோஸ்னி ஆன்ட்டி வீட்டுக்கு அந்தக் கேக் போகும்னு உனக்குத் தெரியாதா?"

"அவங்களுக்கு நீங்க தனியா செய்வீங்கன்னு நெனச்சேன் மம்மி. ஸ்வேர்."

அதை நம்பினேன். நம்புவதற்கு ஏதாவது ஒன்று தேவையாக இருந்தது.

நான்கு போத்தல்களையும் கொல்லைச் சாக்கடையில் கொட்டினேன். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, கேக் சொல்லியிருந்தவர்களிடம் தனித்தனியாகப் போய், இரண்டு ஆண்டுகளாக என் கேக்கில் ரம் இருந்தது, எனக்குத் தெரியாது, இந்த ஆண்டு சுடப்போவதில்லை என்றேன். ஒருவரும் கோபப்படவில்லை. ஒருவர் என் தோளைத் தட்டி, "அந்த மாதிரியே சுட்டுக் குடு லா, நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்" என்றார். இரண்டு ஆண்டுகளாக இவர்கள் பாராட்டியது எதை என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது.

5

ரோஸ்னி அக்காவிடம் போக எனக்கு ஐந்து நாள் ஆனது. வேறு யாராவது சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. அவர் பின்வாசலில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி எழுதும் ஒழுங்கில் சொன்னேன்: என்ன நடந்தது, யார் செய்தது, எப்போதிலிருந்து, எனக்கு எப்போது தெரிந்தது. அவர் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"வீடியோ பாத்தீங்களா?"

"என்ன வீடியோ? மொத வருஷமே தெரியும். டின்னத் தொறந்ததும் மணம் அடிச்சிச்சு. அதுக்குள்ள எங்க வீட்டுக்காரு ஒரு துண்ட வாயில போட்டுட்டாரு. பின்னாடி ஓடிப்போயித் துப்புனாரு. வாயக் கழுவுனாரு, கழுவுனாரு, கழுவிக்கிட்டே இருந்தாரு."

"எங்கிட்ட ஏங்க்கா கேக்கல?"

"கேட்டேனே. வாசல்லயே கேட்டேன். ஒண்ணும் இல்லக்கான்னு சொன்னே."

"போன வருஷம் கேக்கலயே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு தடவ சொன்னா, தெரியாம சொல்லிட்டான்னு வச்சுக்கலாம். ரெண்டாந் தடவையும் அதே மாதிரி சொல்லிட்டா, நீ பொய் சொல்ற ஆளுன்னு ஆயிடும். அப்புறம் நான் உன்கூட எப்படிப் பேசுறது? அதான் கேக்கல. வாங்கினேன், அப்படியே சீனன் கடைக்காரனுக்குக் குடுத்துட்டேன்."

"எனக்கு மணம் தெரியாதுக்கா. காய்ச்சல் வந்ததிலேர்ந்து தெரியாது. அதனாலதான்…"

"மணம் தெரியாதா?" அவர் கை நின்றது. "ஒரே வரிசையில இருக்கேன், எனக்குத் தெரியாதா? போன மாசம் இதே எடத்துல நின்னு, 'அக்கா, பலாப்பழ வாசனை தூக்குது'ன்னு சொன்னே. நான் ஒரு சொளை எடுத்துக் குடுத்தேன்."

சொன்னேன்தான். வாசலில் பலாப்பழத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். அதை இப்போது விளக்கினேன். வேலை கெட்டுவிடும் என்று மூக்கு போனதை எல்லோரிடமும் மறைத்தேன் என்றேன். நான் சொல்லச் சொல்ல, எனக்கே அது அவசரத்துக்கு ஜோடித்த கதைபோலக் கேட்டது.

அவர் நெத்திலித் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"எஸ்தர், மூக்கு இருக்குன்னு சொன்னதும் நீதான். இல்லன்னு சொல்றதும் நீதான். நான் எத வச்சு நம்புறது?" கோபமாகச் சொல்லவில்லை. "உன் மக வருவால்ல? அவளக் கூட்டிக்கிட்டு வா."

6

ஜெனி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் வந்தாள். சாமுவேலையும் வரச் சொன்னேன். ஆலயத்தில் விளக்குச் சரம் கட்ட ஆள் இல்லை என்று போய்விட்டார். ஜெனி வழிநெடுக, "ஐ வில் ஜஸ்ட் ஸே ஸாரி, ஓகே?" என்றபடி வந்தாள். வரிசையின் அந்தக் கோடிக்கு ஒன்பது வீடுகள்தான்.

ரோஸ்னி அக்கா கதவைத் திறந்தார். எங்களை உள்ளே அழைக்கவில்லை. ஜெனி சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் தொடங்கினாள். மன்னிப்பு, தவறான புரிதல், நல்ல எண்ணம் என்று அழகாகவே பேசினாள். அலுவலகத்தில் பழகிய பேச்சு.

"எனக்கு இங்கிலீஷ் வராது. மலாய்ல சொல்லு, இல்லன்னா தமிழ்ல சொல்லு" என்றார் ரோஸ்னி அக்கா. "நீயா சொல்ல வேணாம். நான் கேக்குறேன். உங்கம்மாவுக்கு மணம் தெரியாது. நெசமா?"

"நெசம், ஆன்ட்டி."

"எத்தன நாளா?"

"மூணு வருஷம். அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியாது. கேஸ் லீக் ஆனாக்கூட டாடிதான் பாக்கணும்."

ரோஸ்னி அக்கா என் முகத்தைப் பார்த்தார். இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக அவர் என்னை அப்படிப் பார்க்கிறார் என்பது, அவர் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் மூச்சு விட்டேன். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் மறுபடி ஜெனியிடம் திரும்பினார்.

"அது தெரிஞ்சுதான் ஊத்துனியா?"

ஜெனி என்னைப் பார்த்தாள். "மணம் தெரிஞ்சா அம்மா விட மாட்டாங்கல்ல, ஆன்ட்டி."

"சரி. அந்தக் கேக்கு எங்க வீட்டுக்கும் வரும்னு தெரியுமா?"

தொலைபேசியில் எனக்குச் சொன்ன பதில் ஒன்று அவளிடம் இருந்தது. தனியாகச் செய்வீர்கள் என்று நினைத்தேன், சத்தியமாக என்று. அதைச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நான் கூடவே தலையாட்டியிருப்பேன்.

ஜெனி தரையில் கிடந்த செருப்புகளைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். "சின்னப் பிள்ளையா இருக்கும்போது அம்மாகூட நான்தானே டின்னத் தூக்கிட்டு வருவேன். ஓவன்ல வெந்தா எல்லாம் போயிடும்னு நெனச்சேன்."

"போவல" என்றார் ரோஸ்னி அக்கா.

வேறு எதுவும் கேட்கவில்லை. கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, என் கையைப் பிடித்தார்.

"நீ உள்ள வா. தண்ணி கலக்குறேன்."

இங்கே தேநீர் போடுவதை அப்படித்தான் சொல்வார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஜெனி வாசலிலேயே நின்றாள். வா என்று நானும் சொல்லவில்லை.